சக்கரத்துக்கு அடியில் வைக்க வேண்டிய பழம்

எங்கள் வீட்டில் எதற்கும் பயப்படாதவள் அத்தை. எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள் நான். அதனால்தான், அத்தை வாங்கப்போகிற காருக்குத் தீர்ப்புச் சொல்லும் வேலையை அப்பா என்னிடம் ஒப்படைத்தார்.

அப்போது எனக்குப் பத்து வயது. பஸ் வருவதற்கு முன்பே போயிருக்குமோ என்று அழுகிற ஆள் நான். அம்மா அடுப்பை அணைத்தாளா என்று பாதிப் பாடத்தில் எழுந்து டீச்சரிடம் கேட்டிருக்கிறேன். அந்தப் பழக்கம் இன்றுவரை போகவில்லை. பள்ளிக்கூடம்தான் எட்டாவதோடு போய்விட்டது.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. மலைமேல் இருக்கிற கரியாலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கச்சிராயபாளையத்தில் எங்கள் வீட்டில் இருந்துகொண்டு தினமும் ஸ்கூட்டியில் மலை ஏறி இறங்குவாள். ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்து வந்தபின், பழைய கார் ஒன்று வாங்கப்போகிறேன் என்றாள். அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. என்ன கார் என்பதில்தான் வந்தது ஆச்சரியம்.

அவளோடு வேலை பார்த்த டாக்டரம்மா ஒருமுறை அவளைச் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கிற பந்தய ஓடுதளத்துக்குக் கூட்டிப்போயிருந்தார். சில ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே யார் வேண்டுமானாலும் பணம் கட்டி, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, சொந்தக் காரை முடிந்த மட்டும் வேகமாக ஓட்டிப் பார்க்கலாமாம். டாக்டரம்மாவின் காரில் அத்தை ஆறு சுற்றுப் போனாள். திரும்பி வந்தவள் தட்டில் இருந்த சோற்றில் விரலால் ஒரு வளைவு கீறி, எங்கே பிரேக் பிடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று எங்களுக்குக் காட்டினாள். சாம்பார் அந்த வளைவிலேயே ஓடியது.

"ஒரே வண்டி போதும்ணா. ஆறு நாளு மலைக்கி, ஞாயித்துக்கெழம ட்ராக்குக்கு" என்றாள்.

அப்பா கரும்பு போடுகிறவர். அவர் காதில் 'ட்ராக்' வரைக்கும்தான் விழுந்தது. மீதியை அவரே சேர்த்துக்கொண்டார். தங்கச்சி டிராக்டர் வாங்கப்போகிறாள் என்று டீக்கடையில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். இரண்டாம் நாள் ஒரு தரகர் வீட்டுக்கே வந்து, செல்போனில் மூன்று டிராக்டர்களின் படத்தைக் காட்டினார். அத்தை பொறுமையாகப் பார்த்துவிட்டு, "வளைவுல எப்படிங்க போவும்?" என்று கேட்டாள்.

"வளைவுல எதுக்குங்க வேகமா போவணும்? கலப்பையோட தரேங்க" என்றார் அவர்.

விஷயம் புரிந்ததும் அப்பா இரண்டு நாள் டீக்கடைப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள், "இன்னா பைத்தியமா உனக்கு? மலையில உசுர கையில புடிச்சிக்கினு போறது பத்தாதா?" என்றார். அத்தை எதிர்த்துப் பேசவில்லை. பேசி ஜெயிக்கிற ஆள் இல்லை அவள். ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்கூட்டியை எடுத்து, பின்னால் என்னை உட்கார வைத்து, கார் பார்க்கக் கிளம்பிவிடுவாள். என் வேலை, எங்கள் பிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றிப் பத்திரமாக எடுத்துவருவது. அது எங்கேயாவது விழுந்துவிடுமோ என்று வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன்.

முதலில் பார்த்தது புதுச்சேரியிலிருந்து வந்திருந்த சிவப்புக் கார். இரண்டே கதவு. தரையோடு ஒட்டி, பாயப்போகிற பூனை மாதிரி நின்றது. எனக்கு அதைப் பார்த்ததும் அத்தை செத்துப்போவாள் என்று தோன்றியது. ஆனால் எங்கள் தெருமுனை வேகத்தடையைக்கூட அது தாண்டவில்லை. வயிறு உரசி நின்றது. அத்தை இறங்கி, காருக்கும் தரைக்கும் நடுவில் ஜாணால் அளந்து பார்த்தாள். அரை ஜாண்கூட இல்லை. "ட்ராக்குல இது ராணி. மலைக்கி இத நாமதான் தூக்கிக்கினு போவணும்" என்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அடுத்தது சங்கராபுரத்தில் ஒரு பையன் வைத்திருந்த மஞ்சள் கார். பின்னால் இறக்கை, பக்கவாட்டில் நெருப்பு ஸ்டிக்கர், நாலு தெருவுக்குக் கேட்கிற சத்தம். நான் காந்தத்தைக் கைக்குட்டையோடு கதவில் வைத்தேன். தொப்பென்று விழுந்தது. அடிபட்ட கதவில் பட்டி பூசி மேலே பெயின்ட் அடித்திருந்தால் காந்தம் ஒட்டாது என்று அத்தை சொல்லிக்கொடுத்திருந்தாள்.

"காந்தம் வீக்குக்கா" என்றான் பையன்.

அத்தை அதை எடுத்து எங்கள் ஸ்கூட்டியின் ஸ்டாண்டில் வைத்தாள். பச்சக்கென்று பிடித்துக்கொண்டது. "காந்தம் நல்லாத்தான் கீது தம்பி. கதவுதான் இல்ல."

இப்படியே நாலைந்து வாரம். டாக்டரம்மாவே, "புதுசா ஒரு சாதாரண கார் எடுத்துக்கோயேன்" என்று சொல்லிப் பார்த்தார். அத்தை கேட்கவில்லை. கடைசியில் கள்ளக்குறிச்சியில் ஒரு கணக்கு வாத்தியாரின் கார் கிடைத்தது. சாம்பல் நிறம், நாலு கதவு, சின்ன உருவம். ஆனால் அந்த உருவத்துக்குள் அதைவிடப் பெரிய இன்ஜின் இருந்தது. வாத்தியாரே இரண்டு தடவை அதை ஓடுதளத்துக்கு ஓட்டிப்போயிருக்கிறார். முட்டி வலி வந்ததால் விற்கிறார். எதை எப்போது மாற்றினேன் என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார். அத்தை அதை மட்டும் நம்பாமல், சாக்கு விரித்துப் படுத்து அடியில் துரு இருக்கிறதா என்று பார்த்தாள். சக்கரத்தின் சந்து வழியாக விரலை விட்டு, பிரேக் தட்டின் ஓரத்தை நகத்தால் தடவினாள். விளிம்பு கட்டியிருந்தால் தட்டு தேய்ந்துவிட்டது என்று அர்த்தமாம். நகம் எதிலும் இடிக்கவில்லை. காந்தம் நாலு கதவிலும் ஒட்டியது.

அடுத்த சனிக்கிழமை வாத்தியார் காரை எங்கள் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து காட்டினார். அப்பா சுற்றி வந்து பார்த்தார். "இதுவா ரேஸ் வண்டி? சந்தைக்கி காய் ஏத்திக்கினு போற வண்டியாட்டம் இல்ல கீது" என்றவர், கொஞ்சம் யோசித்து, சிரித்துக்கொண்டே நிபந்தனையைச் சொன்னார். "நாளைக்கி பாப்பாவ பக்கத்துல உக்கார வச்சிக்கினு கரியாலூர் வரைக்கும் போய்ட்டு வா. அவ பயப்படாம வந்துட்டான்னா வாங்கிக்கோ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

வீட்டுக்கு உள்ளே அம்மா சிரித்தது கேட்டது. பல்லி கத்தினால் பயப்படுகிறவளைக் கொண்டுபோய் இதில் வைத்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். அத்தைக்கும் தெரியும். "சரிண்ணா" என்றாள்.

எனக்குத்தான் இரண்டு பக்கமும் இடி. நான் பயந்தால் அத்தைக்குக் கார் இல்லை. பயப்படாவிட்டால் அத்தை காரை வாங்கி, வேகமாக ஓட்டி, ஏதாவது ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஒரு வழி தெரிந்தது. வெள்ளிக்கிழமை கோயிலில் பூசாரி கொடுத்த எலுமிச்சம்பழம் ஒன்று சாமி படத்துக்கு முன்னால் இருந்தது. புது வண்டிக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவதை எங்கள் ஊரில் பார்க்காத பிள்ளை கிடையாது. எனக்கு அதில் ஒரு சந்தேகம் வெகுநாளாக உண்டு. சக்கரம் ஏறியதும் பழம் நசுங்கிவிடுகிறதே, அப்புறம் வழியெல்லாம் எது காப்பாற்றும்? பழத்தை வண்டிக்குள் வைத்தால் போய்த் திரும்புகிற வரைக்கும் கூடவே இருக்குமே. மறுநாள் காலை, வாத்தியார் சாவியைக் கொடுத்துவிட்டு அப்பாவோடு காபி குடிக்க உட்கார்ந்த நேரத்தில், பழத்தை டிரைவர் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

கோமுகி அணையைத் தாண்டியதும் மலை ஏறத் தொடங்கியது. அத்தை ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால், "இப்ப பிரேக்கு, இப்ப கியரு, இப்ப திரும்பறோம்" என்று எனக்குச் சொல்லிக்கொண்டே ஓட்டினாள். எது வரப்போகிறது என்று முன்னாலேயே தெரிந்தால் எனக்குப் பாதிப் பயம் போய்விடும். அதை எங்கள் வீட்டில் கண்டுபிடித்தவள் அவள் ஒருத்திதான். கரியாலூர் போய்ச் சேர்ந்தபோது நான் கதவுக் கைப்பிடியை விட்டிருந்தேன். அங்கே அவள் என்னைப் பாராட்டவில்லை. "இன்னும் எறக்கம் கீது" என்றாள்.

ஏறும்போது பழம் பின்னால் போய்க் கிடந்திருக்கிறது. இறக்கத்தில் அது என்ன செய்யும் என்று நான் யோசித்திருக்கவில்லை.

மூன்றாவது கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் அத்தை, "இப்ப பிரேக்கு" என்றாள். கார் நிதானிக்கவில்லை. அவள் மறுபடி மிதித்தாள். "பிரேக்கு" என்றாள், இந்த முறை எனக்குச் சொல்வது மாதிரி இல்லை. அப்புறம் பேசவில்லை. கியரைக் கீழே இறக்கினாள். இன்ஜின் ஓவென்று கத்தியது. இன்னொரு கியர். எதிரே தடுப்புச் சுவர், அதற்கு அப்பால் வெறும் வானம். கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, காரை மலைப்பக்கமாக ஒடித்து, ஓரத்து மண்மேட்டில் உரசவிட்டாள். கார் நின்றது. புழுதி எங்களைத் தாண்டி முன்னால் போனது.

அத்தை குனிந்து காலடியில் கையை விட்டுத் துழாவினாள். பிரேக் மிதிக்கு அடியிலிருந்து, ஒரு பக்கம் நசுங்கிய எலுமிச்சம்பழம் வந்தது.

"இது இன்னாடி?"

"கோயில் பழம். உனக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு."

அவள் பழத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"இது சக்கரத்துக்கு அடியில வைக்கிறதுடி. காலுக்கு அடியில இல்ல."

அவ்வளவுதான் சொன்னாள். அப்புறம் கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலையும், பேதி ஆனவர்களுக்குக் கொடுக்கிற உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தையும், சின்னக் கத்தரிக்கோலையும் எடுத்தாள். பழத்தைக் கழுவி என்னிடம் நீட்டி, "நீ வெட்டு" என்றாள். எனக்கு அது தண்டனை மாதிரி இருந்தது. வெட்டிப் பாட்டிலுக்குள் பிழிந்து, பொட்டலத்தைக் கொட்டிக் குலுக்கினேன். பாதியை அவள் குடித்தாள், பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. மீதியை எனக்குக் கொடுத்தாள். சாமி பழத்தைக் குடித்தால் கண் போகுமோ என்று கவலைப்பட்டுக்கொண்டே குடித்தேன். தோலைப் பள்ளத்தில் வீசிவிட்டு, "ஏறு" என்றாள்.

நான் மாட்டேன் என்றேன். பஸ்ஸில் போகலாம் என்று அழுதேன்.

"பழம் இல்லாம நிக்குதான்னு பாக்கணும் இல்ல? ஏறு."

அங்கேயே மெல்ல நகர்ந்து நாலைந்து முறை மிதித்துப் பார்த்தாள். கார் ஒவ்வொரு முறையும் டக்கென்று நின்றது. அதோடு விட்டாளா? காரைத் திருப்பி இரண்டு வளைவு மேலே போய், அதே இறக்கத்தில் மறுபடி இறங்கினாள். "இப்ப பிரேக்கு" என்றாள். கார் அடங்கியது. மறுபடி மேலே போனாள், மறுபடி இறங்கினாள். மூன்றாவது தடவை, "இப்ப நீ சொல்லு" என்றாள். நான் சொன்ன இடத்தில் மிதித்தாள். கொஞ்சம் சீக்கிரமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வளைவுக்கு வெகு முன்னாலேயே நின்றுவிட்டோம். "பரவால்ல" என்று சிரித்தாள். அணை கண்ணில் பட்டதும், "அப்பா கேட்டா பொய் சொல்ல வேணாம். உள்ளத சொல்லு. இது இல்லன்னா வேற வண்டி பாக்கறேன்" என்றாள்.

வாசலில் அப்பாவும் வாத்தியாரும் எழுந்து நின்றார்கள். அப்பா என்னை மட்டும் பார்த்தார்.

"பயந்தியா?"

"பயந்தேன்."

அப்பா அத்தையைப் பார்த்து, முடிந்தது என்பதுபோலக் கையை விரித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, "எதுக்குப் பயந்த?" என்று கேட்டார்.

"நிக்காதோன்னு."

"நின்னுச்சா?"

"நின்னுச்சி."

அப்பா அதோடு விடவில்லை. "மறுபடி ஏறச் சொன்னா ஏறுவியா?"

"மறுபடியும் ஏறிட்டுத்தான் வந்தேன். மூணு வாட்டி" என்றேன்.

"நிக்கிறதுதாங்க முக்கியம்" என்றார் வாத்தியார், யாரும் கேட்காமலே.

அப்பா காரை இன்னொரு சுற்றுச் சுற்றி வந்தார். உரசிய இடத்து மண்ணை விரலால் தடவினார். அது என்ன என்று கேட்கவில்லை. "வூட்டு வாசல்ல நெழல் இல்ல. கொட்டா போட்டாத்தான் நிறுத்த முடியும்" என்றார். அதுதான் அவருடைய சம்மதம்.

பூஜை அன்று அவரே சக்கரத்தடியில் பழம் வைத்தார். "எண்ணிக்கோண்ணா, நாலுதான?" என்றாள் அத்தை. "நாலு சக்கரத்துக்கு நாலுதான வைப்பாங்க? அஞ்சு இன்னாத்துக்கு?" என்றார் அப்பா. அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை.

அந்தக் கார் பல வருஷம் ஓடியது. ஆறு நாள் மலை ஏறியது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் கிளம்பி ஓடுதளத்துக்குப் போய், இருட்டும்போது ரப்பர் வாசனையோடு திரும்பி வந்தது. அன்றெல்லாம் நான் வாசலிலேயே இருப்பேன். அத்தைக்குப் பயம் என்ற ஒன்றே இல்லை என்று நம்பியிருந்தேன். அந்தத் துணிச்சலில் கொஞ்சம் எனக்குப் பிறவியிலேயே வராமல் போனதற்காகக் குறைபட்டுக்கொண்டும் இருந்தேன்.

வெட்டவும் தைக்கவும் தெரிந்த நர்ஸ், ஒரு எலுமிச்சம்பழத்தை வெட்ட ஏன் கத்தரிக்கோலைப் பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்தாள் என்று நான் யோசிக்கவே இல்லை. பாதிகூட இல்லாத தண்ணீர் பாட்டிலைப் பிடிக்க எதற்கு இரண்டு கை என்றும் அன்று எனக்குத் தோன்றவில்லை.