வெள்ளிமலை அண்ணனும் நேபாளத்து ரோசியும்

ஒரு சர்க்கஸைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுத, காலை ஆறரைக்குக் கள்ளக்குறிச்சியில் இறங்கினேன். இந்த ஊரில் பிறந்த சர்க்கஸ் இருபத்தைந்தாம் ஆண்டுக்குத் திரும்பி வருகிறது, மேளதாளமாவது இருக்கும் என்று நினைத்தது என் தப்பு. கரும்பு லாரிகளின் புழுதி அப்பிய ஒரே ஒரு சுவரொட்டிதான் வரவேற்றது.

கூடாரத்தின் பின்னால் செல்வி முட்டியில் துணி சுற்றிக்கொண்டிருந்தார். வயது நாற்பத்து நான்கு. சர்க்கஸ் தொடங்கிய வாரமே சேர்ந்து, உயரத்தில் தொங்கும் கம்பியில் பார் ஆடுகிறவர். முட்டி தேய்ந்துவிட்டது, இன்றைய நாலு மணி ஆட்டத்தோடு சரி என்றார். அண்ணனைக் கூப்பிட வெள்ளிமலைக்குக் கிளம்பினார். நானும் தொற்றிக்கொண்டேன்.

எட்டு மணிப் பேருந்து. கச்சிராயபாளையமும் கோமுகி அணையும் கடந்ததும் மலைப்பாதை, மூட்டம், தூறல். கூத்தாடப் போனவள் என்று அண்ணன் இருபத்தைந்து வருஷமாகப் பேசவில்லையாம். அதைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அண்ணன் கோவிந்தன் சாமைக் கொல்லையில் களை பறித்துக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்தும் நிமிரவில்லை. செல்வி வரப்பிலேயே நின்றார்.

"இன்னிக்கி ஒரு நாளுதாண்ணா. இதுக்கப்பால நான் ஏற மாட்டேன். ஒரு தபா வந்து பாரு."

அண்ணன் பறித்த களையை உதறி வரப்பில் போட்டுவிட்டு, எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். திரும்பும் வழியெல்லாம் செல்வி அழுதுகொண்டே வந்தார்.

பார் ஆடும் பெண்களைச் சொந்தப் பெயரில் அழைப்பது சர்க்கஸில் வழக்கமில்லை. செல்வி இத்தனை வருஷமும் 'நேபாளத்து ரோசி'. அன்று மட்டும் வெள்ளிமலை செல்வி என்று அறிவிக்கச் சொல்லி, மைக் பிடிப்பவரிடம் சத்தியமே வாங்கியிருந்தார்.

நாலு மணிக்குப் பாதி நாற்காலிகள் காலி. முன்வரிசையில் கோவிந்தன், வெள்ளைச் சட்டையோடு. செல்வி இறங்கும்போது கைகொடுக்க நான் எதிர்ப்பக்கம் வலையோரம் நின்றேன்.

"அடுத்து, நேபாளத்து ரோசி!"

பழகிய நாக்கு. மஞ்சள் டோப்பாவும் அப்பிய பவுடருமாகச் செல்வி ஒரு கணம் திகைத்து நின்றார். பாண்டு தொடங்கிவிட்டது, ஏறிவிட்டார். கூடப்பிறந்தவளைத் தெரியாதா என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். அந்தச் சோம்பலை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் கை தட்டியதைப் பார்த்தீர்களா என்றார். அண்ணனின் நாற்காலி அதற்குள் காலி. முட்டியை வைத்துக்கொண்டு அவரால் ஓட முடியவில்லை, நான் ஓடினேன்.

கோவிந்தன் மலைப் பேருந்தில் உட்கார்ந்திருந்தார்.

"செல்வி வரச்சொல்லிட்டு ஆடாமப் பூட்டாளேங்க. அந்த நேபாளப் பொண்ணுதான் நல்லா ஆடிச்சி."

அதுதான் செல்வி என்றேன்.

"எந்தங்கச்சிய எனக்குத் தெரியாதா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேருந்து கிளம்பிவிட்டது.

செல்வி வேஷம் கலைக்காமல் வாசலிலேயே காத்திருந்தார்.

"அண்ணன் இன்னாங்க சொல்லிச்சி?"

நல்லா ஆடினதாகச் சொன்னார் என்றேன்.

"எம் பேரச் சொல்லிச்சா?"

சொன்னார் என்றேன். ஏழரை மணிப் பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்த ஊரைவிட்டு வந்த மாதிரி இல்லை.