கரண்ட் அக்காவும் வலி தெரியாத தச்சரும்

வெந்நீர்ப் பையை வந்தவரின் மடியில் வைத்து, அதன்மேல் அவருடைய இரண்டு கைகளையும் எடுத்து அமர்த்தி, "இப்படியே பத்து நிமிஷம் இருங்க. கை ஜில்லுன்னு இருந்தா நரம்பு சோம்பேறியாயிடும். அப்புறம் மிஷின் உங்க மேல இல்லாத பழியைப் போடும்" என்கிறார் கரண்ட் அக்கா. வந்தவர் பயந்துபோய்த் தலையாட்டுகிறார். கை சூடாவதற்குள் அவருடைய குடும்பக் கதையை மூன்று தலைமுறைக்குக் கறந்துவிடுகிறார் அக்கா.

வலியும் தொடு உணர்வும் பிறவியிலேயே கோளாறாக அமைந்த குடும்பங்களை ஆராயும் கூடம் அது. மூன்றாவது மாடியில் கடைசி அறை. ஆராய்ச்சிக்குத் தலைமை ஒரு டாக்டரம்மா. சோதனைகளைச் செய்பவர் அக்கா. மணிக்கட்டில் துளி மின்சாரம் கொடுத்தால் கட்டைவிரல் துள்ளும். சேதி நரம்பில் எவ்வளவு வேகமாக ஓடியது என்பதைத் திரை காட்டும். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்காரர் மின்சார அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். "கம்பத்துல ஏறுறவன் நான், பேரு மட்டும் இவளுக்கு" என்று அவருக்கு ஒரு மனக்குறை உண்டு.

ஊருக்கெல்லாம் ஷாக் கொடுப்பவர், தனக்கு ஊசி என்றால் நாற்காலியை விட்டு நழுவிவிடுவார். எறும்பு கடித்தாலும் நாலு பேரிடம் காட்டாமல் ஓயமாட்டார். ஒவ்வோர் ஆய்விலும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்குச் 'சாதாரண ஆட்கள்' தேவை; அந்தப் பட்டியலில் அக்காவும் ஒருவர். கையை வைத்திருக்கும் சூட்டுப் பலகை கொஞ்சம் வெதுவெதுப்பானதுமே, வலிக்கிறது என்று பொத்தானை அழுத்திவிடுவார். "இவங்களைச் சாதாரண ஆள்னு எழுத எனக்கே கூச்சமா இருக்கு" என்று டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்கிறார்.

இந்தக் கட்டுரைக்காக நான் அந்த அறையில் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் ஓர் அண்ணனும் தங்கையும் வந்தார்கள். அண்ணன் மரப்பட்டறையில் தச்சர். தங்கை நூலகத்தில் வேலை. இரண்டு பேருக்கும் பிறந்ததிலிருந்தே வலி தெரியாது என்று தங்கைதான் எழுதி அனுப்பியிருந்தார். தொட்டால் தெரியும், கிச்சுகிச்சு மூட்டினால் சிரிப்பார்கள். வலி மட்டும் கிடையாது. கூடவே வாசனையும் கிடையாது. அடுப்பில் பால் தீய்ந்தால் பக்கத்து வீட்டார் வந்து சொல்ல வேண்டும்.

பலகை மெல்லச் சூடேறும், வலிக்கத் தொடங்கியதும் பொத்தானை அழுத்த வேண்டும், ஆபத்தான சூட்டுக்கு முன்பே அது தானாக நின்றுவிடும் என்று அக்கா விளக்கினார். தங்கை மூன்று முறையும் அழுத்தவேயில்லை. பலகை தானாக நின்ற பிறகு, எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார்.

தச்சர் வேறு ரகம். மூன்று முறையும் பல்லைக் கடித்து, கண்ணைச் சுருக்கி, பொத்தானை அழுத்தினார். நடிப்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் அழுத்தியபோது இருந்த சூட்டின் அளவு ஒவ்வொரு முறையும் ஒன்றுக்கொன்று ஒட்டவேயில்லை. நான்காம் முறை, தொடங்குகிறேன் என்று சொல்லிவிட்டு அக்கா சும்மா உட்கார்ந்திருந்தார். பத்து விநாடியில் தச்சரின் முகம் கோணியது; பொத்தான் அழுந்தியது.

"மிஷினை நான் இன்னும் போடவே இல்லையே, தம்பி. எது சுட்டுச்சு?"

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தச்சர் சிரிக்கவில்லை. விஷயம் பட்டறைக்குத் தெரிந்தால் மரம் அறுக்கும் அரம்ப மிஷின் பக்கம் விடமாட்டார்கள், வேலையே போனாலும் போகும் என்றார்.

"வலின்னா என்னன்னே எனக்குத் தெரியாதுக்கா. எங்கம்மா மூஞ்சியப் பாத்துக் கத்துக்கிட்டேன். எங்க, எவ்வளவு நேரம் காட்டணும்கிறதுலதான் தப்பு வருது."

அக்கா படிவத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார். அதில் பெயர் இல்லை, ஓர் எண்தான். இந்த அறையை விட்டு எதுவும் வெளியே போகாது என்றார். தச்சர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். அடுத்த மூன்று முறையும் பலகை தானாகவே நின்றது.

காலுக்குச் சோதனை செய்ய அவருடைய ஷூக்களைக் கழற்றச் சொன்னார் அக்கா. வலது பாதம் பன் மாதிரி உப்பியிருந்தது. கேட்டதற்கு, முந்தாநாள் ஏணியிலிருந்து குதித்ததாகவும், அதிலிருந்து ஷூ கொஞ்சம் இறுக்கமாக இருப்பதாகவும் தச்சர் சொன்னார். லிஃப்டில் கூட்டம் என்று மூன்று மாடியும் படியேறி வந்திருக்கிறார். எக்ஸ்ரேயில் இரண்டு எலும்புகள் முறிந்திருந்தன. மாவுக்கட்டு போடும் அறைக்குச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனவர் அக்காதான். உள்ளே எலும்பைச் சேர்த்து வைக்கும்போது தச்சர் தேக்கு மரத்தைப் பற்றி டாக்டருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே அக்காவுக்கு நர்ஸ் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மூன்று மாதம் கழித்து, மிச்சச் சோதனைகளுக்குத் தச்சர் வந்த அன்று நானும் போயிருந்தேன். முதலாளியிடம் விஷயத்தை அவரே சொல்லிவிட்டாராம். வேலை போகவில்லை; அரம்பத்திலிருந்து எடுத்து, அளந்து கோடு போடும் மேசைக்கு மாற்றியிருக்கிறார்கள். "நிம்மதிதான், ஆனா ஒரே போரு" என்றார்.

அக்கா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அவர் பாதங்களைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். இடது பாதத்தில் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி. அந்தக் கால் ஷூவை எடுத்து, மணிக்கட்டு வரை கையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு துழாவினார். வெடுக்கென்று கையை இழுத்தார். விரல் நுனியில் ஒரு துளி ரத்தம். ஷூவைக் கவிழ்த்துத் தட்டியதில் குட்டி ஆணி ஒன்று விழுந்தது. தச்சர் அதை வியப்போடு பார்த்தார்.

அக்கா குத்துப்பட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு, மற்றொரு கையை இரண்டாவது ஷூவுக்குள் விட்டார்.