ஒரு மரமும் நடப்படாத ஞாயிற்றுக்கிழமை

மரம் பிடுங்குவதற்கென்றே மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு தன்னார்வலர் குழு இருப்பதாக அணுபுரத்தில் வசிக்கும் நண்பர் சொன்னார். நற்காரியங்களுக்கு எதிரானவர்களை நேரில் காணும் வாய்ப்பு அடிக்கடி அமையாது. போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.

செங்கல்பட்டில் காலை ஐந்தரைக்குப் பேருந்து ஏறினால் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்கு ஒரு மணி நேரம். ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் முப்பது ரூபாய்.

"அங்க இன்னா சார் கீது? ஒரு மரங்கூட கெடயாதே" என்றார் ஆட்டோக்காரர். அதைப் பார்க்கத்தான் போகிறேன் என்றதும், பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்.

உப்பங்கழியை ஒட்டிய வெறும் சரளைத் திடல். ஆண்டு முழுக்க இங்கே வேலை உண்டு என்றார் குழுவை நடத்தும் வசந்தா; பள்ளியில் கணக்கு டீச்சர். மழைக்காலத்தில் மண் இளகியதும் சீமைக்கருவேலங் கன்றுகளை வேரோடு பிடுங்குகிறார்கள். மார்கழியில் வலசைப் பறவைகளைப் படமெடுக்க பைக்கில் வருகிறவர்களை இறக்கி நடக்கவிடுகிறார்கள். கோடையில் ஆட்காட்டிக் குருவிகள் வெறுந்தரையில் முட்டையிடும். மரம் இருந்தால் காகம் உட்காரும். காகம் உட்கார்ந்தால் முட்டை மிஞ்சாது. முட்டையோ சரளைக்கல் மாதிரியே இருக்கும். யாரும் மிதித்துவிடாமலிருக்க, ஒவ்வொரு கூட்டுக்குப் பக்கத்திலும் சிவப்புத் துணி கட்டிய குச்சி ஒன்றை நட்டிருந்தார்கள்.

எட்டரைக்கு ஒரு வேன் வந்தது. மரக்கன்றுகள், பேனர், கடப்பாரையுடன் நான்கு தொழிலாளர்கள், பச்சை டீ-ஷர்ட்டில் ஓர் ஒருங்கிணைப்பாளர். ஏதோ ஒரு நிறுவனத்தின் மரம் நடு விழா. சித்திரை வெயிலில் மரம் நடுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். அது அவர்களிடம் இருந்தது.

"சார், எங்கெங்க தோண்டணும்னு முன்னாடியே கொடி நட்டு வெச்சிக்கிறாங்க" என்று மகிழ்ந்த ஒரு தொழிலாளி, கடப்பாரையுடன் முதல் சிவப்புத் துணியை நோக்கி நடந்தார். தலைக்கு மேல் ஆட்காட்டி கத்தியது.

குழுவிலிருந்த பைக் மெக்கானிக் சேகர் ஓடிப்போய்க் கூட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

"யோவ் சேகரு, எந்திரிய்யா!" என்று கத்தினார் வசந்தா. "நீ அங்க குந்திகினா குருவி எப்டி எறங்கும்? வெயில்ல முட்ட அவிஞ்சிடும்!"

"அப்ப அவரு குத்தட்டும்னு வுட்றதா டீச்சர்?"

"குச்சியப் புடுங்கு. எல்லாத்தையும்!"

நானும் சேர்ந்து ஓடினேன். சற்று நேரத்தில் திடலில் ஒரு கொடியும் இல்லை. கண்ணுக்கெட்டிய வரை சரளைதான்.

"இப்போ எங்கம்மா தோண்டறது?" என்றார் கடப்பாரைக்காரர்.

"எங்கயும் தோண்டாதண்ணா. கால் வெக்கிற எடமெல்லாம் முட்டதான்."

அவர் குனிந்து பார்த்தார். ஒரு காலைத் தூக்கியபடி யோசித்தார். பிறகு வந்த தடத்திலேயே பின்னோக்கி வெளியேறினார். சுற்றுச்சூழலை இவ்வளவு மதித்த ஒருவரை நான் எந்தக் கருத்தரங்கிலும் பார்த்ததில்லை.

கூடுகளைவிட்டு விலகி, பாதையை மறித்து வரிசையாக நின்றோம்.

"மேடம், ஒரே ஒரு கன்னு. போட்டோவுக்கு மட்டும்" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

"ஒண்ணும் கெடயாது."

"சிறப்பு விருந்தினர் வந்துகினு கீறாரு மேடம்."

"வரட்டும். வேணும்னா அவரு அட காக்கட்டும்."

பத்து மணிக்குக் கார் வந்தது. கண்ணாடி இறங்கியது. ஒருங்கிணைப்பாளர் ஏதோ விளக்கினார். கண்ணாடி ஏறியது. கார் திரும்பிப் போனது.

வசந்தா, கடப்பாரை நெருங்கிய அந்தக் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்காட்டி உப்பங்கழியில் வயிற்றை நனைத்துக்கொண்டு, எங்களை நம்பாமல் இரண்டு முறை சுற்றி நடந்து, கடைசியில் முட்டைகள்மேல் ஈரத்தோடு உட்கார்ந்தது. அதன் பிறகுதான் அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

வெறும் நிலத்தைக் கண்டால் அதற்கு உதவி செய்தே தீர வேண்டும் என்பது நம் காலத்து நோய். அது தீராதவர்கள் இங்கே வர வேண்டாம். மற்றவர்கள் ஏழு மணிக்கு முன் வாருங்கள். தொப்பியும் இரண்டு லிட்டர் தண்ணீரும் அவசியம், கடை கிடையாது. இப்போது கொடிகளும் இல்லை. குழுவினர் கால் வைத்த இடத்தில் மட்டும் கால் வையுங்கள். அன்பளிப்பாக மரக்கன்று கொண்டுவராதீர்கள். வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

வேனில் ஏறிய ஒருங்கிணைப்பாளர், "மழை சீசன்ல வந்து நட்டுட்டுத்தான் போவோம்" என்றார்.

"வா நைனா" என்றார் சேகர். "அப்பதான் புடுங்க சுளுவா வரும்."