கந்தசாமி மாமனை மீட்டுக்கொண்டு போனார்கள்

நேற்று சாயங்காலம் ஆன்லைன் வகுப்பில் ஒரு பையன் கேட்டான். "மேம், ரிலீஸ், ரெஸ்க்யூ, ஃப்ரீ, லிபரேட், எல்லாத்துக்கும் விடுதலைன்னுதானே அர்த்தம்? அப்புறம் எதுக்கு இத்தனை வார்த்தை?" நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போகிற அவசரத்தில் இருப்பவன். நான் வருஷக்கணக்காக ஒப்பிக்கிற பதிலையே ஒப்பித்தேன். பிடித்து வைத்திருப்பவன் பிடியை விட்டால் ரிலீஸ். ஆபத்தில் கிடப்பவனை இன்னொருவன் வந்து தூக்கினால் ரெஸ்க்யூ. லிபரேட் என்பது நாட்டுக்கும் ஜனங்களுக்கும், அதை வீட்டு விஷயத்துக்குப் போட்டால் சிரிப்பார்கள். பையன் திருப்தியாக எழுதிக்கொண்டான். நான் லேப்டாப்பை மூடிவிட்டு அடுப்பில் பாலை வைத்தேன், அது பொங்கி மேடையெல்லாம் வழிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன். கந்தசாமி மாமன் ஞாபகம் வந்துவிட்டது. அந்த மனுஷனுக்கு இந்த வார்த்தைகள் ஒன்று பாக்கியில்லாமல் நடந்தன.

மாமன் என் அம்மாவின் ஒரே தம்பி. தாய் தகப்பன் போனபிறகு எங்களோடுதான் இருந்தார். எங்கள் தோட்டம் வேலந்தாவளத்துக்கு அந்தப் பக்கம், கேரளாவில். ரேஷன் கார்டில் மலையாளம், வரப்புச் சண்டையில் கொங்குத் தமிழ், அப்படி ஓர் ஊர். தென்னந்தோப்பின் கடைசியில் மோட்டார் ரூம். கிரீஸும் ஈரச் சாக்கும் கலந்த ஒரு வாசம் அதற்குள் எப்போதும் இருக்கும். இன்றைக்கும் ஒர்க்‌ஷாப் பக்கம் போனால் மற்றவர்களுக்கு வண்டி ஞாபகம் வரும், எனக்கு மாமன் ஞாபகம் வரும். கடைசியில் அவர் அந்த ரூமில்தான் இருந்தார், காலில் சங்கிலியோடு.

பதறாதீர்கள், சொல்கிறேன். நான் சின்னவளாக இருக்கும்போது மாமன் நன்றாகத்தான் இருந்தார். சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துச் சந்தைக்குக் கூட்டிப்போவார், போண்டா வாங்கித் தருவார். வழியெல்லாம் நான் வாய் ஓயாமல் பேசுவதால் "வாத்தியாரம்மா" என்று கூப்பிடுவார். அந்த வாய்தான் இப்போது எனக்குச் சோறு போடுகிறது. அப்புறம் அவருக்கு என்ன ஆயிற்றோ, கரண்டுக் கம்பத்தோடு பேச ஆரம்பித்தார். பிறகு நடக்க ஆரம்பித்தார். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையைப் போட்டால் நாள் முழுக்க எச்சில் ஒழுகத் தூங்குவார். துப்பிவிட்டால் எழுந்து நடப்பார், பகல் இரவு தெரியாமல் நடப்பார்.

ஒருநாள் எங்கேயோ ஓர் ஊரில் பிள்ளை பிடிக்கிறவன் என்று நினைத்துக் கம்பத்தில் கட்டிவைத்து அடித்துவிட்டார்கள். அப்பா ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார். முன்பல் இல்லை, ஒரு கண் திறக்கவில்லை. அந்த வாரம் அப்பா வேலந்தாவளம் மாட்டுச் சந்தைக்குப் போய் ஒரு சங்கிலி வாங்கினார். "மாட்டுக்குங்களா?" என்று கடைக்காரர் கேட்டதற்கு "ஆமாங்க" என்று சொன்னாராம். வீட்டுக்கு வந்து, காலை அறுக்கக்கூடாது என்று பழைய சைக்கிள் டியூபை வெட்டி அந்தச் சங்கிலிக்கு உறை போட்டார்.

பூட்டின் சாவி அம்மாவின் இடுப்பில் இருக்கும். சோறு கொண்டுபோகும்போதெல்லாம் மாமன், "அக்கா, அவுத்து உடுக்கா" என்பார். "நாளைக்கு உடறேன் சாமி, இப்ப சாப்புடு" என்பாள் அம்மா. வெயில் தாழ்ந்ததும் அவளே அவிழ்த்து, கையைப் பிடித்துத் தோப்பைச் சுற்றிக் கூட்டிவருவாள். திரும்பி வந்ததும் மாமன் தானாகவே காலை நீட்டுவார். நான் இங்கிலீஷில் பட்டம் வாங்கின திமிரில், "இதெல்லாம் கொடுமைம்மா, வெளியில தெரிஞ்சா அசிங்கம்" என்று குதித்தேன். அம்மா கோபப்படக்கூட இல்லை. "கட்டி வெச்சதுனாலதான் அம்மிணி இன்னிக்கு உசுரோட இருக்கறான். வேற வழி உனக்குத் தெரிஞ்சாச் சொல்லு, செய்யறேன்." எனக்குத் தெரியவில்லை.

நான் பாலக்காடு டவுனில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தேன். தோப்புக்குள் ஒரு வேன் வந்து நின்றது. தேங்காய் ஏற்ற வந்த யாரோ மாமனைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மாமனைப் பார்த்ததும் ஒரு பையன் நிஜமாகவே அழுதான். ஆனால் பேனர் இருந்தது, செல்போனை மாட்டி நிறுத்திவைக்கக் கம்பி இருந்தது, இரும்பு வெட்டும் பெரிய கட்டர் இருந்தது. தலைவர் மாதிரி இருந்தவர் போனைப் பார்த்து மலையாளத்தில் பேசினார். வாக்கியத்துக்கு ஒரு ரெஸ்க்யூ.

அம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். "சாவி இருக்குதுங்க. இந்தாங்க, தெறந்துக்கங்க."

"அம்மா, கொஞ்சம் மாறி நில்லுங்க. வீடியோ போயிட்டிருக்கு."

"எதுக்குங்க வெட்டறீங்க? சாவிதான் இருக்குதுங்களே!"

யாரும் வாங்கவில்லை. சாவியால் திறந்தால் வீடியோவில் என்ன இருக்கிறது? எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நான் போய் என்ன சொன்னேன் தெரியுமா? "சார், சாவி கையில இருக்கு. இதுக்குப் பேர் ரெஸ்க்யூ இல்லை, ரிலீஸ்." வீடு பற்றி எரிகிறபோது எழுத்துப்பிழை திருத்துகிற பிறவி நான். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "மேடம் படிச்ச ஆள்தானே? இத்தனை நாள் எங்கே இருந்தீங்க?" என்றார்.

சங்கிலி அறுந்து விழுந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். மாமனுக்கு ஒன்றும் புரியவில்லை. நேரே தண்ணீர்த் தொட்டிக்குப் போய் இரண்டு காலையும் உள்ளே விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். புதுச் சட்டை போட்டுவிட்டார்கள். வேனைக் காட்டியதும் தானாகவே ஏறிவிட்டார், ஜன்னல் வழியாகச் சிரித்தார். "அக்கா, சந்தைக்குப் போயிட்டு வந்தர்றேன்."

"வெரசா வந்துரு சாமி" என்றாள் அம்மா. வேறு என்ன சொல்வாள்?

மூணாறு தாண்டி, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் ஓர் இல்லம். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று பஸ் மாறி மாறிப் போனோம். மாமனுக்கு மொட்டை போட்டிருந்தார்கள். வராந்தா முழுக்கக் கம்பிக் கதவு. அம்மாவைப் பார்த்ததும் கம்பிக்குள்ளிருந்து ரகசியமாகச் சொன்னார்: "அக்கா, இங்க எல்லாத்தையும் உள்ள போட்டுப் பூட்டிருக்கறாங்க. நம்மூட்ல நா ஒருத்தன்தான்." எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நொடி அழுகை வந்தது. கூட்டிப்போகிறோம் என்று அம்மா எவ்வளவோ கெஞ்சினாள். கட்டிப்போட்டவர்கள் கையிலேயே திரும்பக் கொடுக்க முடியாது என்றார்கள். அவர்கள் பக்கமிருந்து பார்த்தால் அது நியாயம்தான். பஸ்ஸில் வரும்போது அம்மா ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்: "அவங்க காப்பாத்துனாங்களாமா. அப்ப இத்தன வருசமா நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்?"

மறு வருஷம் மழைக்காலத்தில் இல்லத்து போனை யாரும் எடுக்கவில்லை. பதறிக்கொண்டு போனோம். கேட்டில் பூட்டு. எதிரில் டீக்கடை வைத்திருந்தவர் எஸ்டேட் ஆள், திருநெல்வேலிப் பூர்வீகம். அவர்தான் சொன்னார். "நடத்துனவுகளுக்குள்ள ஏதோ தகராறும்மா, மூடிட்டுப் போயிட்டாவ. ஊரு பேரு சொன்ன ஆளுகள பஸ்ஸுல ஏத்தி விட்டாவ. ஒங்க ஆளு சந்தைக்குப் போணும், சந்தைக்குப் போணும்னே சொல்லிக்கிட்டு இருந்தாரு. எந்தச் சந்தைன்னு யாருக்குத் தெரியும்? ஏதோ ஒரு பஸ்ஸுல ஏத்திட்டாவ."

மலையில் எத்தனை சந்தை! நாங்கள் ஒவ்வொன்றாகப் போனோம். அப்புறம் எல்லைக்கு இரண்டு பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்தும் கூப்பிட ஆரம்பித்தார்கள். தண்டவாளத்தில் ஒன்று, வாய்க்காலில் ஒன்று என்று. அப்பா ஒவ்வொரு முறையும் போய்ப் பார்த்துவிட்டு, "நம்மாளு இல்லீங்க" என்று சொல்லிவிட்டு வருவார். முகத்தைப் பார்க்கமாட்டாராம். டியூப் போட்டும் கணுக்காலில் தழும்பு விழுந்திருந்தது, முதலில் அதைத்தான் பார்ப்பாராம். அப்படிப் போய்ப் போய்ப் பார்த்தே அந்த மனுஷனும் போய்ச்சேர்ந்தார். பாவிகளா, ஒரு தடவை அந்தச் சாவியை வாங்கியிருந்தால், அதை வைத்திருந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பீர்களே!

தோப்பு இப்போது பிளாட் போட்டு விற்றாகிவிட்டது. மோட்டார் ரூம் இருந்த இடத்தில் யாரோ வீட்டுக்குக் கடைக்கால் தோண்டுகிறார்கள். அம்மா என்னோடு கோயமுத்தூரில் இருக்கிறாள். மாமனைப் போட்டோ எடுத்து வைக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. அவர்கள் எடுத்துப் போட்ட அந்த வீடியோ ஒன்றுதான் மிச்சம். நான் அதைப் பார்க்கமாட்டேன், அம்மா பார்ப்பாள். "அவன் வேன்ல ஏறறதப் போடு அம்மிணி" என்பாள். அவர்கள் சேர்த்த பாட்டுச் சத்தத்துக்கு நடுவே "அக்கா" என்கிற குரல் லேசாகக் கேட்கும். அதுவரைக்கும் பார்த்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

போன மாதம் கேட்டாள். தேடினேன். வீடியோ போட்டிருந்த அவர்களுடைய பக்கமே இல்லை, எடுத்துவிட்டிருக்கிறார்கள். தெரிந்த வார்த்தையெல்லாம் போட்டுத் தேடினேன், யார் யாரோ யார் யாரையோ மீட்கிறார்கள், மாமன் இல்லை. அம்மாவிடம் சொன்னேன். அவள் போனை வாங்கி, இருட்டாகிப்போன அந்தக் கண்ணாடியை விரலால் ஒருமுறை துடைத்துப் பார்த்தாள்.

"அதுலயாச்சும் இருந்தானே அம்மிணி" என்றாள்.