காதுகுத்துக்குப் போட்டுக்கொண்டு போன கவசம்

என் மச்சான் என் கவசத்தை மொட்டை மாடியிலிருந்து தூக்கித் தெருவில் எறிந்தபோது பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். பார்க்கிறவன் இரும்பு என்று நம்ப வேண்டும் என்பதற்காக ஒரு வருஷம் தேய்த்துத் தேய்த்துப் பெயின்ட் அடித்த சாமான், பழைய தலையணை மாதிரி சொத்தென்று விழுந்தது. பின்னாலேயே வந்த தண்ணி லாரி அதன் தோள்பட்டையில் ஏறி இறங்கிப் போனது. டிரைவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் திரும்பி மச்சானின் வாயில் குத்தினேன். பல் பாதி உடைந்து என் விரல் முட்டியில் குத்தி நின்றது.

மச்சான் என்றால் என் தங்கச்சி புருஷன். அவனும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவான். கடப்பாக்கத்தில் மீனுக்கு ஐஸ் ஏற்றுகிற வண்டி வைத்திருக்கிறான். பெரிய ஐஸ் பாளங்களைக் கொக்கி போட்டு இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கை. என் வேலை நேர் எதிர். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, ஊர் பேர் தெரியாத ஆட்கள் திட்டுவதை எல்லாம் "சாரி சார், சாரி மேடம்" என்று வாங்கிக்கொள்ள வேண்டும். பகலெல்லாம் விழுங்கியதைச் சாயங்காலம் செங்கல்பட்டு வீட்டுக்கு வந்து கட்டர் கத்தியில் காட்டுவேன். அப்படிப் பிறந்ததுதான் அந்தக் கவசம். செருப்புக்கு அடிப்பாகம் வெட்டுகிற ஃபோம் ஷீட்டு, ரப்பர் பசை, பழைய பைக் ஹெல்மெட்டு. எந்தப் படத்திலும் பார்த்துச் செய்யவில்லை. வேறொரு கோளில், காற்றே இல்லாத ஒரு வாசலில் காவலுக்கு நிற்கிறவன் என்று நானே வரைந்து நானே வெட்டியது. மெட்ராஸில் நடந்த ஒரு வேஷப் போட்டிக்குப் போட்டுக்கொண்டு போனேன். பரிசு இல்லை. ஆனால் ஜனம் வரிசையில் நின்று போட்டோ எடுத்தது.

காணும் பொங்கலுக்கு அவர்கள் என் வீட்டுக்கு வந்த இடத்தில்தான் சண்டை. தங்கச்சி பெண்ணுக்கு ஐந்து வயசு. வந்ததும் சாப்பாட்டைக்கூடத் தொடாமல் கவசத்தின் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். "மாமா, இது உன்க்கு இன்னா சொல்லும்?" என்று கேட்டாள். அவளுக்கு அது உயிருள்ள ஆள். மச்சான் ஏற்கெனவே தண்ணி போட்டிருந்தான். "கண்ணாலம் பண்ணிக்க துப்பில்ல, பொம்ம செஞ்சிகினு கீறான் பாரு" என்று சொல்லிக்கொண்டே ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டி ஆடினான். தலை உள்ளே போனது, வெளியே வரவில்லை. பிடித்து முறுக்கி இழுத்ததில் தாடைப் பகுதி இரண்டாகப் பிளந்தது. நான், "தலையா அது, பூசணிக்காயா?" என்றேன். சொன்னதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. அவன் மார்க்கவசத்தை எட்டி உதைத்தான். பிறகு மொத்தத்தையும் வாரிக்கொண்டு மாடிப்படி ஏறினான்.

அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும் என்று விட முடியாத ஒரு விஷயம் நடுவில் இருந்தது. குழந்தைக்குக் காது குத்தவில்லை. காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். எங்கள் பக்கத்தில் முதல் பத்திரிகையே மாமனுக்குத்தான் வைப்பார்கள். எங்கள் அப்பா அம்மா இரண்டு பேரும் போய்விட்டார்கள். தங்கச்சிக்குப் பிறந்த வீடு என்று ஒன்று மிச்சமிருந்தால் அது நான்தான். அன்றைக்கு அந்த மணையில் நான் இல்லையென்றால், அவளைக் கேட்க நாதியில்லை என்று ஊரறியச் சொன்ன மாதிரி. பிறகு அவன் அவள் மேல் கையோங்கினாலும் கேட்க ஒருத்தன் இல்லை. என் பயம் இதுதான். கோபம் எல்லாம் அதற்கு மேல் பூசின பெயின்ட்டு.

மாசி கடைசியில் தங்கச்சி போன் செய்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள். கடப்பாக்கத்தில் அவர்கள் குலதெய்வம் கோயிலில் வருகிற ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து என்றாள். மாமன் இடத்தில் எங்கள் பெரியப்பா மகனை உட்கார வைக்க மச்சான் பேசி முடித்துவிட்டானாம்.

"நீ வராதண்ணா. அவரும் அவரு தம்பியும் கட்டய ரெடியா வச்சினு கீறாங்க. வந்தா ஒதப்பாங்க."

"ஒதச்சா ஒதக்கட்டும்."

"பேஜாரு பண்ணாத. என்க்கு நீ உசுரோட இருந்தா போதும்."

அதற்குள் பக்கத்திலிருந்து குழந்தை போனைப் பிடுங்கிவிட்டாள். "மாமா, அந்தக் கவசத்த போட்டுனு வா. அதான் போட்டுனு வரணும்" என்றாள். அந்த நிமிஷத்தில் எனக்கு ஒன்று உறைத்தது. நான் இத்தனை நாள் செய்து வைத்திருப்பது கவசம். அடி விழும் என்று தெரிந்த இடத்துக்குக் கவசம் இல்லாமல் போகிறவன் முட்டாள். இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

தெருவிலிருந்து அன்றைக்கே பொறுக்கி வைத்திருந்த நசுங்கின துண்டுகளை எல்லாம் கூடத்தில் பரப்பினேன். ஃபோமுக்கு ஒரு குணம் உண்டு. ஹீட் கன்னால் சூடு காட்டினால் அமுங்கின இடம் தானாக எழும்பி வரும். தோள்பட்டைக்குச் சூடு காட்டினேன். எழும்பியது. ஆனால் லாரி டயரின் தடம் மட்டும் இரண்டு வரியாக அப்படியே நின்றது. மேலே எத்தனை பூச்சு பூசினாலும் சாய்த்துப் பார்த்தால் தெரிந்தது. மார்க்கவசத்தில் நான் முதலில் சுவருக்குப் பூசுகிற பட்டியை அப்பியிருந்தேன். வளைந்தால் வெடிக்கிற சரக்கு. உதை விழுந்ததும் பாளம் பாளமாகப் பெயர்ந்துவிட்டது. மிச்சத்தையும் உளியால் பெயர்த்தெடுத்தேன். ஒவ்வொரு குத்துக்கும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

ரப்பர் பசை ஒட்டுவதற்குப் பொறுமை வேண்டும். இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பிறகுதான் அழுத்த வேண்டும். அழுத்திவிட்டால் அழுத்தியதுதான், மறுபடி பிரிக்க முடியாது. அவசரத்தில் ஒரு தடவை என் சுண்டுவிரலையும் சேர்த்து ஒட்டிவிட்டேன். தோல் பிய்ந்து வந்தது. முன்பு ஒற்றை ஷீட்டாக இருந்த மார்பில் இப்போது மூன்று அடுக்கு. வெல்க்ரோ ஒட்டுத் துணியில் பிடித்திருந்த வார்களை அறுத்துப் போட்டுவிட்டு ஸ்கூல் பை கிளிப்புகள் தைத்தேன். பிளந்த தாடைக்கு உள்பக்கம் ஃபைபர் கொடுத்தேன். முன்கைக்குத்தான் நிஜமான வேலை. தண்ணிக் குழாய்க்குப் போடுகிற பிவிசி பைப்பை நீளவாக்கில் அறுத்து, சூடு காட்டி என் கைக்கு வளைத்து, ஃபோமுக்குள் மறைத்து ஒட்டினேன். தடுப்பதற்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒட்டிக் காய்ந்ததும் சுவரில் ஓங்கி ஒரு இடி இடித்துப் பார்த்தேன். காரை உதிர்ந்தது, கைக்கு ஒன்றுமே தெரியவில்லை. ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் முழுசாகப் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தேன். மாமன் சீருக்குத் தோடும் பட்டுப்பாவாடையும் ஒரு தாம்பாளமும் பையில் கட்டிப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்திருந்தேன். திருக்கழுக்குன்றம் தாண்டி ஈ.சி.ஆர். பிடிக்கும் முன்பே உள்ளே வேர்வை ஊற ஆரம்பித்துவிட்டது. கல்பாக்கம் பக்கம் ஒரு பஸ்ஸில் போனவர்கள் ஜன்னல் வழியாகப் போனை நீட்டினார்கள். பெட்ரோல் பங்கில் ஒருவர், "அண்ணாத்த, எந்தக் கடைக்கு விளம்பரம்?" என்று கேட்டார். காதுகுத்து என்றேன்.

கோயில் சவுக்குத் தோப்புக்குள், கடலுக்கு முதுகு காட்டி இருக்கும். நான் தாம்பாளத்தில் சீரை வைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தபோது கூட்டம் வழிவிட்டது. இப்போதெல்லாம் ரிசப்ஷனுக்கு லைட்டு போட்ட ரோபோ ஆடுகிறதே, அந்த மாதிரி யாரோ ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். பம்பை அடிக்கிறவர் எனக்கு முன்னால் வந்து நின்று அடியை மாற்றிப் போட்டார். சின்னப் பசங்கள் ஆட ஆரம்பித்துவிட்டன. குழந்தை மட்டும்தான் ஒரே பார்வையில் கண்டுபிடித்தாள். "எங்க மாமா! எங்க மாமா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். அந்த மாதிரி ஒரு வரவேற்பு என் ஜென்மத்தில் எனக்கு யாரும் கொடுத்ததில்லை. ஹெல்மெட்டுக்குள் அழுதுவிட்டேன்.

மச்சான் சாமிக்கு மாலை வாங்கிக்கொண்டு அப்போதுதான் திரும்பினான். அவன் கண் நேராக என் தோள்பட்டைக்குப் போனது. டயர் தடம்.

"டேய், இது நான் ஒடச்சதுடா!"

மாலையைத் தம்பி கையில் திணித்துவிட்டுப் பந்தலுக்கு ஊன்றி வைத்திருந்த சவுக்குக் கட்டையைப் பிடுங்கினான். தங்கச்சி ஓடிவந்து குழந்தையை வாரிக்கொண்டு போனாள். முதல் அடி மார்பில் விழுந்தது. தாம்பாளம் பறந்தது. இரண்டாவது அடி விலாவில். தம்பிக்காரன் பின்னாலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியால் தலையில் போட்டான். நாற்காலிக் கால் ஒடிந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. தூரத்தில் யாரையோ அடிக்கிற சத்தம் மாதிரி கேட்டது. சிரித்தேன். அவ்வளவு அடி விழுந்தும் நான் நிற்கிறேன் என்றதும் மச்சானுக்கு வெறி ஏறிவிட்டது. ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியைப் பார்த்துக் கட்டையைச் செருகினான். கண்ணாடி தெறித்து ஒரு சில்லு என் புருவத்தைக் கிழித்தது. ரத்தம் கண்ணில் வழிந்தது.

நான் முன்கையை வீசினேன். பைப்பு அவன் மூக்கில் இறங்கியது. கட்டையைப் போட்டுவிட்டு மல்லாந்து விழுந்தான். அத்தோடு விட்டிருக்கலாம் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பார்க்கிறவர்களுக்கு அது சுலபம். நான் அவன் மார்பில் ஏறி உட்கார்ந்து அடித்தேன். வலது, இடது, வலது. என் கைக்கு எதுவும் தெரியவில்லை. எலும்பு மேல் விழுகிறதா மணல் மேல் விழுகிறதா என்றே புரியவில்லை. வெறும் கையாக இருந்தால் மூன்றாவது குத்திலேயே என் முட்டி வலித்து நிறுத்தியிருப்பேன். தம்பிக்காரன் இழுத்துப் பார்த்தான், ஃபோம் வழுக்கியது. கடைசியில் தங்கச்சி பின்னால் வந்து முதுகு கிளிப்பை ஒவ்வொன்றாக விடுவித்தாள். மார்க்கவசம் கழன்று விழுந்தது. அவள் ஹெல்மெட்டையும் பிடுங்கி எறிந்துவிட்டு என் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினாள்.

"என் புருசன்டா அது! சாவடிக்கவா வந்த?"

எழுந்தேன். மச்சான் ஒருக்களித்துப் புரண்டு மணலில் ரத்தம் துப்பினான். மூக்கு இருந்த இடத்தில் இல்லை. ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுக்கச் சொல்லி யாரோ கத்தினார்கள். காது குத்த வந்திருந்த பத்தர், ஓரமாக நின்றவர், முகூர்த்தம் முடியப்போகிறது என்று மெதுவாகச் சொன்னார். பெரியப்பா மகன் கூட்டத்தில் எங்கும் தென்படவில்லை. எல்லோரும் மச்சான் முகத்தைப் பார்த்தார்கள். அவன் துண்டால் மூக்கை அழுத்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான்.

"மடி அவனுதுதான்," என்றான். "பொண்ணு காது குத்தம்போது மாமன் இல்லன்னு எவனும் சொல்லக்கூடாது. குத்திட்டு போலாம். உக்காருடா."

அவனை அவ்வளவு வெறுத்தவன் நான். அந்த வார்த்தைக்காகக் காலில் விழலாம் போல இருந்தது. விழவில்லை. மிச்சக் கவசத்தையும் கழற்றிப் போட்டுவிட்டு, வேர்த்த பனியனோடு மணையில் உட்கார்ந்தேன். தங்கச்சி குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். என் முகத்தை அவள் பார்க்கவேயில்லை.

குழந்தை விறைத்துப்போயிருந்தாள். காலைக் கட்டிக்கொண்டு கத்தினவள், என் தொடை மேல் பட்டும் படாமல் உட்கார்ந்திருந்தாள். என் நெற்றி ரத்தம் அவள் புதுப் பாவாடையில் ஒரு சொட்டு விழுந்தது. அதை அவள் கையால் துடைத்தாள். துடைத்த கையை என் மேல் படாமல் தள்ளி வைத்துக்கொண்டாள். எதிரே அவள் அப்பன் துண்டும் கையுமாக மணலில் உட்கார்ந்து, இவளைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான். உதடு கிழிந்திருந்ததால் சிரிப்பு சரியாக வரவில்லை.

"தலய கெட்டியா புடிங்க," என்றார் பத்தர்.

பிடித்தேன். அவள் தலை என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கியது. சின்னச் சூடான தலை. நெற்றிப் பொட்டில் துடிப்பதுகூடக் கைக்குத் தெரிந்தது. பத்தர் கம்பியைச் செலுத்தினார். அவள் அலறினாள். ஊசிக்கு அலறுகிற எந்தக் குழந்தையும் மாமன் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். இவள் இரண்டு கையையும் எதிர்ப்பக்கம் நீட்டினாள்.

"நைனா, தூக்கு. நைனா, மாமா வாணாம். தூக்கு நைனா."

அவன் எழப் பார்த்தான். இரண்டு காதும் முடியாமல் மடியை விட்டு இறக்கக்கூடாது என்று பெரியவர்கள் அவனைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். தங்கச்சி என் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னொரு காது பாக்கி இருந்தது. நான் அவள் தலையை அந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தேன்.