நான் பிரித்த பலகைத் தட்டு

யுத்த காலத்தில் என் ஞாயிற்றுக்கிழமைகள் மரவேலையில்தான் கழிந்தன. துறைமுகச் சாமான்களை அடுக்கிவரும் பழைய பலகைத் தட்டுகளைப் பிரித்துத்தான் எல்லாம் செய்வேன். ஒருமுறை கொட்டாஞ்சேனையில் ஒரு கிட்டங்கியின் பின்புறம் கிடந்த தட்டை யாரையும் கேட்காமலே தூக்கிவந்து, வெள்ளவத்தை வீட்டில் அழகான புத்தக றாக்கையாக்கினேன்.

அடுத்த ஞாயிறு இன்னொன்று தேடிப் போனேன். அதே இடத்தில், மழை ஈரம் காயாத சீமெந்துத் தரையில், மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர் காட்போட் மட்டையை விரித்துப் படுத்திருந்தார். பதுளைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வேலைக்கு வந்தவர். ஏன் ஈரத்தில் படுத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பலகை மேலதாங்க படுப்பேன். யாரோ தூக்கிட்டாங்க. தமிழ் ஆளுன்னு ரூமும் தரமாட்டேங்கிறாங்க."

"நான்தான் எடுத்தனான்," என்றேன். "கால் வைச்சுக் கட்டிலாவே செய்து தாறன்."

அவர் பதறிப்போனார். "கட்டில் வேணாங்க. பொலிஸ் பாத்தா இங்க ஆளு தங்குறது தெரிஞ்சிரும். பழையபடியே குடுங்க, போதும்."

அன்றே றாக்கையைக் கழற்றினேன். மெருகு போகச் சுரண்டி, மண்ணும் கரியும் தேய்த்து, பழைய துளைகளிலேயே ஆணி அடித்தேன். நாலுபேர் மெச்ச வேண்டும் என்றே எத்தனையோ செய்திருக்கிறேன். யார் கண்ணிலும் படக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தது அது ஒன்றைத்தான்.