நட்ட முடியும் நேர்ந்த மொட்டையும்

முடி போவதை நான் கண்ணாடியில் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. பஞ்சுதான் காட்டிக்கொடுத்தது.

கோவில்பட்டியில் ஒரு ஜின்னிங் பேக்டரியில் (பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்தெடுக்கும் ஆலை) வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தாறு வயது. பருத்தி வரத்துக் காலத்தில் ஆபீஸ் அறைக்குள்ளும் பஞ்சு பறக்கும். எல்லோர் தலையிலும் ஒட்டும், தட்டினால் போய்விடும். என் நெற்றிக்கு மேலே மட்டும் வியர்வையோடு சேர்ந்து தோலிலேயே அப்பிக்கொண்டது. தராசில் நிற்கும் சுப்பையா அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டார். "ஏலே சேவியரு, ஒன் மண்டையிலயே வெள்ளாமை ஆயிருச்சே. ஒன்னையும் தூக்கித் தராசுல வைக்கவா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்றபோது சிரிப்பு வரவில்லை.

முடிக்காகக் கவலைப்படுகிறவனை உலகம் கேலிதான் செய்யும். கையா போச்சு, காலா போச்சு என்பார்கள். சரியான கேள்விதான். ஆனால் கேட்கிறவர் தலையில் முடி இருக்கும். முடி நடலாமா என்ற யோசனையோடு இதைப் படிக்கிற உங்களுக்கு அது தெரிந்திருக்கும்.

ஊரில் எல்லோரும் புழுவெட்டு (வட்டம் வட்டமாக முடி உதிரும் நோய்) என்றார்கள். அம்மா சின்ன வெங்காயத்தை நறுக்கி தினமும் தலையில் தேய்த்துவிட்டாள். தலை எரிந்தது, ஞாயிற்றுக்கிழமை பூசையில் என் பெஞ்சில் யாரும் நெருங்கி உட்காரவில்லை. முடி மட்டும் வரவில்லை. கடைசியில் ஊர் டாக்டரிடம் போனேன். அவர் தலையைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. "ஒங்க அப்பாவுக்கு எப்படி?" என்று கேட்டார். அப்பா நான் சிறுவனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். சுவரில் இருக்கும் படத்தில் அவருக்கு முன்மண்டை முழுக்க வழுக்கை. அதைச் சொன்னேன். "அப்போ இது பரம்பரை வழுக்கை (நெற்றியோரத்தில் தொடங்கி உச்சிவரை ஏறும் முடியுதிர்வு). தேய்க்கிறதெல்லாம் வீண்" என்று முடித்துவிட்டார்.

அதோடு விட்டிருப்பேன். பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில், வாசலிலேயே ஒரு பெரியம்மா என்னைப் பார்த்துவிட்டு, "மாப்பிளைக்கு இது ரெண்டாங் கல்யாணமா?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதுதான் என்னைக் கொன்றது. அந்த வாரமே அதே டாக்டரிடம் போய் நின்றேன். மெட்ராசில் சிலர் முடி நடுகிறார்கள் என்று சொல்லி ஒருவரைப் பார்க்கச் சொன்னார்.

ஊருக்கு என்ன சொல்வது? முடி நடப் போகிறேன் என்றால் சுப்பையா அண்ணாச்சி ஆயுசுக்கும் விடமாட்டார். தலையில் கொழுப்புக் கட்டி, ஆபரேஷன் என்று சொல்லிவிட்டு ரயிலேறினேன். உண்மை தெரிந்தது அம்மாவுக்கு மட்டும்.

அந்தக் காலத்தில் செய்தது பஞ்ச் கிராஃப்ட் (பின்மண்டையில் முடியோடு சேர்த்துச் சிறுசிறு வட்டமாகத் தோலை வெட்டியெடுத்து, முன்னால் துளையிட்டுப் பதிப்பது). பின்பக்கத்து முடிக்கு உதிரும் குணம் கிடையாது, எங்கே கொண்டுபோய் வைத்தாலும் அந்தக் குணம் மாறாது என்று டாக்டர் விளக்கினார். தூக்கம் வரும் மாத்திரை ஒன்று கொடுத்து, பிறகு தலையைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போட்டார்கள். அந்த ஊசிகள் ஒவ்வொன்றுக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. வெட்டும்போது வலி இல்லை, சத்தம் இருந்தது. வெளியிலிருந்து வராமல் மண்டை ஓட்டின் வழியாகவே காதுக்குள் வந்தது. டாக்டர் நடுநடுவே ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார். அரைத் தூக்கத்தில் எல்லாவற்றுக்கும் "சரி சார்" என்றேன்.

மரப்பு விட்டபிறகு வந்தது வலி. பின்மண்டையைத் தலையணையில் வைக்க முடியாது, முன்பக்கமும் எதிலும் படக்கூடாது. உட்கார்ந்தபடியே தூங்கினேன். அடுத்தடுத்த நாட்களில் நெற்றி வீங்கி, வீக்கம் இறங்கி இமைக்கு வந்தது. உங்களுக்கும் வரும், பயப்பட வேண்டாம், தானாக வடியும். ஆனால் யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கட்டோடு ஊர் திரும்பினேன். அப்போதுதான் என் பொய்யின் லட்சணம் தெரிந்தது. தலையில் ஆபரேஷன் என்றால் சும்மா விடுவார்களா? ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக ஆள் வந்துகொண்டே இருந்தது. பங்குச்சாமியார் (எங்கள் கோயில் குருவானவர்) பூசையில் என் பெயரைச் சொல்லி ஜெபிக்கச் சொன்னார். சுப்பையா அண்ணாச்சி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். "ஒன்னும் ஆகாதுலே" என்றார். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வதென்று தெரியவில்லை.

மூன்றாம் வாரம் நட்ட இடமெல்லாம் பொருக்கு கட்டி அரித்தது. பொருக்கு தானாக விழவேண்டும், சொறியக்கூடாது. எங்கள் வீட்டில் ஆண்களுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் தப்பாது. "சூடு ஏறித்தான் அரிக்கு. லேசா எண்ணெய் வச்சா எதமா இருக்கும்" என்றாள் அம்மா. அரிப்பில் நானும் தலையைக் கொடுத்துவிட்டேன். நல்லெண்ணெயைக் காய்ச்சி ஆறவைத்து, விரல் நுனியால் பட்டும்படாமல் தடவினாள். பொருக்கு ஊறி உதிர்ந்தது. அதோடு முடியும் வந்தது. அம்மாவின் உள்ளங்கையில் கரேலென்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"யேசுவே" என்றாள் அம்மா. கையை முந்தானையில் துடைக்கவும் தோன்றாமல் அப்படியே விரித்துக்கொண்டு நின்றாள்.

வாரம் முடிவதற்குள் நட்டது முழுக்க உதிர்ந்துவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை, ஆனால் அம்மாவுக்குத் தெரியாதா? "நாந்தான் கெடுத்துப்புட்டேன், இந்தக் கையிதான் கெடுத்துச்சு" என்று அடுப்படியில் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். எதற்கென்று நான் கேட்கவில்லை.

காயம் ஆறியதைக் காட்ட மெட்ராசுக்குப் போனபோது டாக்டரிடம் எண்ணெய் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். "எண்ணெய்க்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை தம்பி. நட்ட முடி முதல்ல கொட்டத்தான் செய்யும். வேர் உள்ளேயே ஓய்வா இருக்கும், மூணு நாலு மாசத்துல முளைச்சு வரும். ஆபரேஷன் அன்னைக்கே சொன்னேனே, நீங்களும் சரின்னு சொன்னீங்களே?" என்றார். இதைப் படிப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். டாக்டர் சொல்வதைக் கேட்க, தெளிவான தலையோடு ஒருவரைக் கூட்டிப்போங்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா நம்பவில்லை. என்னைத் தேற்றச் சொல்கிறேன் என்று நினைத்தாள்.

டாக்டர் சொன்னபடியே முடி முளைத்தது. முதலில் விரலுக்குத்தான் தட்டுப்பட்டது, கண்ணுக்கு அப்புறம். மிளகாய் நாற்று நட்டதுபோல வரிசை வரிசையாக, கொத்துக் கொத்தாக வந்தது. இன்னொரு தடவை போய் இடைவெளியை நிரப்பினால் இயல்பாக இருக்கும் என்றார் டாக்டர். நான் போகவில்லை. பக்கவாட்டில் சீவினால் தெரியாது. பின்மண்டையில் எடுத்த இடமெல்லாம் வெள்ளை வட்டங்களாகத் தழும்பு நின்றது. அதையும் சுற்றியிருந்த முடி மூடிக்கொண்டது.

தை மாதத்தில் ஓட்டப்பிடாரத்தில் பெண் பார்த்தோம். ஜெயராணி, ஆரம்பப் பள்ளி டீச்சர். வாசலில் யாரும் இரண்டாம் கல்யாணமா என்று கேட்கவில்லை. ஈஸ்டர் கழிந்து கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். முடி நட்டதைப் பெண் வீட்டில் சொல்லிவிடலாமா என்று திரும்பும் வழியில் அம்மாவிடம் கேட்டேன். "இப்ப எதுக்கு?" என்றாள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் காலையில் தலை சீவிக்கொண்டிருந்தேன். அம்மா பின்னால் வந்து நின்றாள்.

"வார செவ்வாக்கெழம புளியம்பட்டிக்குப் போவணும்."

"எதுக்கும்மா?"

"ஒனக்கு மொட்ட போட. முடி வந்துட்டா அந்த முடியவே தாரேன்னு அந்தோணியாருக்கு நேந்துருக்கேன்."

சீப்பு கையிலேயே நின்றுவிட்டது. நட்ட முடியை மழிப்பதா! வேருக்கு ஒன்றும் ஆகாது, திரும்ப வளரும், அது எனக்குத் தெரியும். ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் வளராது. அதைவிட, பின்மண்டை பளிச்சென்று வெளியே வரும். ஜெயராணி வீட்டார் கேட்டால் என்ன சொல்வேன்? மறைத்து வைத்துக் கல்யாணம் பேசினான் என்பார்கள், அதுவும் உண்மைதானே.

"கல்யாணம் முடிஞ்சு போடுவோம்" என்றேன். நேர்ச்சையைப் பாக்கி வைத்துக்கொண்டு பந்தலில் ஏறக்கூடாது என்றாள். "அசனம் (நேர்ச்சையாக எல்லோருக்கும் போடும் சோறு) போடுவோம்" என்றேன். "முடி கேட்டேன், முடி குடுத்தாரு. இப்ப சோத்தப் போட்டு ஏமாத்தச் சொல்லுதியா?" என்றாள்.

பங்குச்சாமியாரிடம் ஓடினேன். அவரிடம் முழுக் கதையையும் சொல்ல வேண்டியிருந்தது. கட்டி இல்லை என்றதும், தலைக்காக ஜெபித்த மனுஷர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஒருத்தர் நேந்தது இன்னொருத்தரைக் கட்டாது. நேந்தது உங்க அம்மா, ஒன் தலைக்குப் பொறுப்பில்ல. அவிய வரட்டும், வேற புண்ணியமா மாத்தித் தாரேன்" என்றார். கேஸ் ஜெயித்தவன்போல வீட்டுக்கு வந்தேன்.

அம்மா கேட்டுக்கொண்டாள். "சாமியாரு சொல்லுதது சரிதானே. நேந்தவ நாந்தான், அப்போ என் தலையக் குடுத்துருதேன்" என்றாள்.

பேச்சுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை புளியம்பட்டியில் மொட்டை போடும் இடத்தில், துணைக்குப் போன நான் தடுப்பதற்குள் அவளே பலகையில் உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்தாள். அந்த வயதிலும் அம்மாவுக்கு இடுப்புவரை முடி, பெரும்பாலும் கறுப்பு. நாவிதர் சொம்புத் தண்ணீரை எடுத்துவிட்டார். அம்மா முகத்தில் ஒரு சஞ்சலமும் இல்லை, கடமை முடிக்கிறவள் முகம்.

"எந்திரிம்மா" என்றேன். அவள் அசையவில்லை. கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு நான் உட்கார்ந்தேன்.

கத்தி முன்பக்கம் சரசரவென்று போயிற்று. பின்பக்கம் வந்ததும் நின்றது. "மேடு பள்ளமா இருக்கு அண்ணாச்சி, ஆடாம இரிங்க" என்று மட்டும் நாவிதர் சொன்னார். முடித்ததும் அம்மா தன் கையாலேயே சந்தனம் பூசினாள்.

"இப்பிடியே ஓட்டப்பிடாரம் போயி எல்லாத்தயும் சொல்லிட்டு வந்துருவோம்" என்றாள்.

"அன்னைக்கு வேண்டாம்னு சொன்னே?"

"அன்னைக்கு நேர்ச்ச பாக்கி இருந்துச்சு. பயந்துகிட்டுக் கெடந்தேன். இனி அந்தோணியாரு பாத்துக்கிடுவாரு."

பஸ்ஸில் போகும்போதே கல்யாணம் நிற்கப்போகிறது என்று முடிவுகட்டிவிட்டேன். ஜெயராணியின் அப்பா மொட்டைத் தலையைப் பார்த்து மகிழ்ந்துபோனார். "மாப்பிள பக்தியான ஆளு" என்று சொல்லி, கலர் சோடா வாங்கக் கடைக்குப் போனார். அம்மா உள்ளே பெண்களோடு பேசப் போய்விட்டாள். தண்ணீர்ச் செம்போடு என் பின்னால் வந்த ஜெயராணி நின்றுவிட்டாள். சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது.

"பின்னால என்ன தழும்பு? அம்மை போட்டதா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளே எடுத்தும் கொடுத்துவிட்டாள். நாக்கு நுனிவரை வந்தது. எப்படியோ விழுங்கிவிட்டு, பஞ்சிலிருந்து கொழுப்புக் கட்டிவரை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முன்னால் வந்து, செம்பைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு நான் பாத்தது உங்க முடிதானே?"

"என் முடிதான். இடம் மாத்தி வச்சது."

"அதுல ஒன்னுமில்ல. சொல்லாம இருந்தீங்க பாருங்க, அதுதான் தப்பு." கீழே வைத்த செம்பை எடுத்து என்னிடம் நீட்டியபடி கேட்டாள், "ரொம்ப வலிச்சுதா?"

முளைத்ததா, எவ்வளவு முளைத்தது, காட்டு பார்ப்போம், இவ்வளவுதான் விஷயம் தெரிந்தவர்கள் அதுவரை என்னிடம் கேட்டவை. அம்மாகூட இதைக் கேட்கவில்லை. "வலிச்சுது" என்றேன்.

"அப்பாட்ட நானே சொல்லிக்கிடுதேன். நீங்க தண்ணியக் குடிங்க" என்றாள் ஜெயராணி.

கல்யாணப் படத்தில் எனக்கு அரைகுறையாக வளர்ந்த தலை. அதற்குப் பிறகு வழுக்கை தன் வழியில் போய் உச்சியைப் பிடித்துவிட்டது. நட்ட வரிசை மட்டும் முன்னால் தனியாக நிற்கிறது. முன்பெல்லாம் சீப்பில் வந்த முடியைப் பார்த்து, அடுத்த வருடம் எப்படி இருப்பேன் என்றே யோசித்துக்கொண்டிருப்பேன், இருக்கிற வருடம் கண்ணில் படாது. இப்போது அப்படியில்லை, தலை அது பாட்டுக்கு இருக்கிறது. பின்மண்டை வட்டங்களில் சிலவற்றில் உணர்ச்சி திரும்பவேயில்லை. ஜெயராணி சில சமயம் அங்கே விரலை வைத்து, "இப்பவாவது தெரியுதா?" என்பாள்.

"தெரியல" என்பேன். அவள் விரலை எடுக்கமாட்டாள்.